லலிதாம்பாளின் லேப்டாப்புக்கு வெயில் வேண்டும்

அறுபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய். தேதி 2007 ஜூலை 29, ஞாயிற்றுக்கிழமை. ஆடித் தள்ளுபடி போக வந்த விலை அது. பில்லை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லலிதாம்பாள் கடையை விட்டு வெளியே வந்தபோது, அட்டைப்பெட்டி அவருடைய கணவர் பத்ரிநாத்தின் மடியில் இருந்தது. ஆட்டோவில் செல்லூர் வந்து சேரும்வரை அவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் போய் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார்.

"ஆடியில வாங்கலாம். தொடங்கக் கூடாது" என்றார்.

லலிதாம்பாளுக்கும் அதில் மறுப்பில்லை. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஆவணி பிறந்து, வரலட்சுமி நோன்பு வந்த வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 24 அன்று, நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைப் பிரித்தார்கள். இருபத்தாறு நாள் அந்த லேப்டாப் ஒரு தெய்வத்தைப் போல ஊதுபத்தி வாசனையில் சும்மா இருந்தது. உத்தரவாதம் மட்டும் சும்மா இருக்கவில்லை. அது பில் போட்ட நிமிடத்திலேயே ஓட ஆரம்பித்திருந்தது.

லலிதாம்பாளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. விலங்கியல் பட்டதாரி. அமெரிக்க டாக்டர்கள் ஒலியாகப் பதிந்து அனுப்புகிற நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவருடைய வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிற்பார். ஏழு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். டாக்டர்கள் யாரையும் பார்த்ததில்லை, குரல்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். எதையாவது தின்றுகொண்டே பேசுகிறவர் மென்னுத்தின்னி. கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறவர் டிரைவர். மருந்தின் அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரலை இறக்குகிற ஓர் அம்மா உண்டு. அவருக்குப் பெயர் ரகசியம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது இதயங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, லலிதாம்பாள் சாயங்காலம் கத்திரிக்காய் வாங்கப் போவார்.

லேப்டாப் ஆடம்பரத்துக்கு வாங்கியது இல்லை. மேசைக் கம்ப்யூட்டர் கரண்டு போனால் செத்துவிடும். மதுரையில் கரண்டு போகாத நாள் கிடையாது, 2008 பிறந்ததும் அது மணிக்கணக்கில் போக ஆரம்பித்தது. பேட்டரியில் ஓடுகிற இயந்திரம் இல்லாமல் இந்த வேலை ஓடாது.

2008 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை காலை, லேப்டாப்பின் பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது.

மறுநாள் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

"வாரண்டி முடிஞ்சு பதினாலு நாள் ஆச்சு மேடம்."

"நாங்க பிரிச்சதே ஆவணியிலதாம்மா. அப்படிக் கணக்குப் பார்த்தா இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"ஏன் அம்புட்டு நாள் பிரிக்கல?"

"ஆடி" என்றார் பத்ரிநாத், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்கிற குரலில்.

அந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் மதுரைக்காரிதான். "எனக்குப் புரியுது சார். எங்க வீட்லயும் அப்படித்தான், ஆடியில எடுத்த மிக்ஸி அட்டைப்பெட்டியோட பரண்ல இருக்கு. ஆனா இந்தப் பொட்டிக்குள்ள ஆடி, ஆவணின்னு போட இடமே இல்ல. ஜூலை, ஆகஸ்ட்தான் இருக்கு."

மதர்போர்டு மாற்ற வேண்டும், விலை இருபத்தெட்டாயிரம், வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் பத்ரிநாத் தாளைப் பார்த்தார்.

"அடுத்த தடவை புரட்டாசியில வாங்குவோம்."

"புரட்டாசியில மட்டும் தொடங்கலாமா?"

அவர் யோசித்தார். கூடாது.

மூன்று வாரம் காத்திருக்க லலிதாம்பாளுக்கு வழியில்லை. வருடக் கடைசியோடு வீட்டிலிருந்து தட்டச்சு செய்கிற முறையை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. தட்டச்சு செய்கிறவர்கள் சென்னை அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். எடிட்டர்கள், அதாவது மற்றவர் தட்டியதைக் கேட்டுத் திருத்துகிறவர்கள், வீட்டிலேயே இருக்கலாம். எடிட்டர் ஆவதற்கு மூன்று மாதச் சோதனை: செப்டம்பர் ஒன்று முதல் நவம்பர் முப்பது வரை. கோப்பு வந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கோப்பு தாமதமானாலும் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். நோயாளிகளின் ரகசியம் இருப்பதால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்யக் கூடாது. பதிவு செய்த இயந்திரத்தில்தான் செய்ய வேண்டும். வேறு இயந்திரம் வாங்கப் பணமில்லை, வாங்கினாலும் அதைப் பதிவு செய்யப் பத்து நாள் ஆகும். ஆக, எட்டு வருட வேலையும் இந்த ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது.

சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்தவர் தமிழ்மாறன். முப்பது வயது இருக்கும். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். லேப்டாப்பைப் பிரித்து, போர்டை வெளியே எடுத்து, ஒரு சதுரச் சிப்பை விரலால் காட்டினார்.

"இதுக்கு அடியில நூத்துக்கணக்குல ஈயப் புள்ளி இருக்கு மேடம். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, சிலது விட்டுப்போச்சு. இந்த மாடல்ல இது எனக்குப் பதினோராவது கேஸ்."

"அப்ப கம்பெனிக்காரனுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நம்ம கையில வாரண்டி இருக்கப்ப வந்தா இன்னும் நல்லாத் தெரியும்."

சூடான காற்றை ஊதுகிற ஒரு கருவியைச் சிப்பின் மேல் பத்து நிமிடம் காட்டினார். மாட்டினார். திரை வெளிச்சமானது.

"சரியாயிருச்சா தம்பி?"

"சரி பண்ணல. சமாதானம் பண்ணி வச்சிருக்கேன்."

அன்றிலிருந்து லலிதாம்பாள் ஒரு பழைய டைரியில் லேப்டாப்புக்கு நோயாளிக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். எட்டு வருடப் பழக்கம், வேறு எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

*நோயாளி, வயது ஒன்று. முக்கியப் புகார்: திரை வரவில்லை. வலி இல்லை. உடல் சூடு குறைவு. சிகிச்சை: வெப்பக் காற்று, பத்து நிமிடம். நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.*

சமாதானம் இருபத்தாறு நாள் தாங்கியது. இரண்டாவது தடவை பன்னிரண்டு நாள். மூன்றாவது தடவை ஐந்து நாள். மூன்று தடவையும் காலையில் படுத்தது, மூன்று தடவையும் டிவிஎஸ் ஃபிப்டியில் ஆற்றைக் கடந்து போய் மதியத்துக்குள் திரும்பி, லலிதாம்பாள் கோப்பை நேரத்துக்கு அனுப்பினார். "மேடம்" இதற்குள் "அக்கா" ஆகியிருந்தது.

"இனிமே ஊதினா போர்டு வளைஞ்சிரும்க்கா. அடுத்து படுத்தா எங்கிட்டக் கொண்டு வராதீங்க."

அது மறுநாளே படுத்தது. செப்டம்பர் 26. லலிதாம்பாள் சொல்பேச்சுக் கேட்காமல் கொண்டுபோனார். கடை பூட்டியிருந்தது. கறுப்புப் பையை வண்டியின் முன்னால் வைத்து, உச்சி வெயிலில், பாலத்து நெரிசலில் அரை மணி நேரம் நின்று வீடு திரும்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினார். வந்துவிட்டது.

தமிழ்மாறனுக்குப் போன் போட்டார்.

"பையி என்ன கலருக்கா?"

"கறுப்பு."

"அப்ப கறுப்பு சூட்ட இழுத்திருக்கு. வெயில்ல வைங்க. இனி அதான் மருந்து. ஓட ஆரம்பிச்சிட்டா அது சூட்டுலயே அது ஓடும். ஆற விட்டாத்தான் எந்திரிக்காது."

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு, கறுப்புப் பைக்குள் லேப்டாப் மொட்டை மாடிக்குப் போனது. மூன்றாம் நாள் பக்கத்து மாடியில் பாண்டியம்மாள் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருட அண்டை வீடு. பத்ரிநாத்தும் லலிதாம்பாளும் வீட்டுக்குள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார்கள், சண்டையும் அதில்தான். வெளியே புரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியம்மாள் பத்து வருடம் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்.

"என்ன லலிதா, என்னத்தக் காயப்போடுற?"

"கம்ப்யூட்டரத்தான்க்கா."

"எம்புட்டு நேரம் காயணும்?"

"நாப்பது நிமிசம்."

"திருப்பிப் போடணுமா?"

லலிதாம்பாள் யோசித்துப் பார்த்தார். இதுவரை திருப்பிப் போட்டதில்லை. அன்று திருப்பிப் போட்டார். முப்பது நிமிடத்தில் வந்தது. டைரியில் ஏறியது: *நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்ததில் முன்னேற்றம்.*

"காக்கா வந்தா நான் பாத்துக்கிறேன், நீ போயி சோலியப் பாரு" என்றார் பாண்டியம்மாள். தன் மோர்மிளகாய்க்கு வைத்திருந்த குச்சியால் இரண்டு மாடிக்கும் காவல் காத்தார்.

அக்டோபர் நடுவில் மழை தொடங்கியது. வெயிலை நம்ப முடியாது என்றானதும் லலிதாம்பாள் லேப்டாப்பை அணைப்பதையே நிறுத்தினார். இரவும் பகலும் ஓடியது. கரண்டு போனால் பேட்டரி. பேட்டரி எழுபது நிமிடம் தாங்கும். கரண்டு இரண்டு மணி நேரம் போகும். இடையில் இருந்த ஐம்பது நிமிடத்துக்கு பத்ரிநாத் ஒரு வழி கண்டுபிடித்தார்: அணைந்ததும் கம்பளியில் சுற்றி, இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துவிடுவது. உள்சூடு போகாமல் இருக்கும். அவருடைய தலையணையும் அதில் ஒன்று.

நவம்பர் 27, வியாழக்கிழமை. சோதனை முடிய இன்னும் மூன்று நாள். தொடர்ந்து நாலாவது நாளாக மழை. காலை ஆறு மணிக்கு ஒரு பெரிய கோப்பு வந்தது: ரகசியம் அம்மாவின் அறுவை சிகிச்சைக் குறிப்பு, மருந்து அளவுகள் நிறைய. மாலை ஆறு மணிக்குள் போக வேண்டும். பாதிக்கு மேல் திருத்தியிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போனது. வழக்கமான நேரம் இல்லை. பேட்டரி தீர்ந்தது. கம்பளி, தலையணை எல்லாம் செய்தார்கள். கரண்டு பதினொன்று நாற்பதுக்குத்தான் வந்தது. அதற்குள் லேப்டாப் வாசல்படியைப் போலக் குளிர்ந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

தமிழ்மாறன் போனில் கிடைத்தார்.

"அயர்ன் பாக்ஸ் வச்சுப் பாக்கட்டுமா தம்பி?"

"ஐயையோ, கீபோர்டு உருகிரும்க்கா!"

"அடுப்பு மேல தோசைக்கல்லு போட்டு..."

"அக்கா, அது தோசை இல்ல. அறுபது டிகிரி சூடு வேணும். ஒரே சீரா, எல்லாப் பக்கமும். ஆவி படக் கூடாது, ஈரமே இருக்கக் கூடாது. அப்படிச் சூடு வீட்ல எங்க கிடைக்கும்?"

போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் பத்ரிநாத். பத்தொன்பது வருடமாக இரண்டு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். மழைக்காலத்தில் சாயம் போட்ட நூலைக் காயவைக்க அங்கே பாய்லருக்குப் பின்னால் ஒரு சூட்டு அறை உண்டு.

"அறுபது டிகிரி, வறட்டுச் சூடு, ஒரே சீரா" என்றார் மெதுவாக. "இது நூல் காயவைக்கிற சூடுல்ல?"

செல்லவேண்டிய தூரம் அரைக் கிலோமீட்டர். கணக்குப் போடவேண்டியது லலிதாம்பாள். மீதி வேலை இரண்டரை மணி நேரம். பட்டறையில் இன்டர்நெட் கிடையாது, விறகுப் பாய்லர், கரண்டு போனால் அவர்களும் இருட்டில்தான். ஆகவே அங்கே உயிர் கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மதிய மின்வெட்டு இரண்டிலிருந்து நாலு. மூன்று மணிக்கு உயிர் வந்தால் பேட்டரி நாலு பத்து வரை தாங்கும். நாலுக்குக் கரண்டு வந்துவிட்டால் பிழைத்தோம். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் பேட்டரி போதாது, பின்னால் ஆரம்பித்தால் நேரம் போதாது.

இரண்டு மணிவரை பேட்டரியில் சார்ஜ் ஏற்றினார்கள். இரண்டேகாலுக்குப் பட்டறையில் இருந்தார்கள். பாய்லர் பார்க்கும் சின்னக்கருப்பன் விறகைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என்னண்ணே, கம்ப்யூட்டருக்குச் சளியா?"

"ஆமாடா. கொஞ்சம் அனல் காட்டணும்."

"மொதலாளி வந்தா?"

"புது ரகம், சாம்பிளுக்கு வந்திருக்குன்னு சொல்லு."

சூட்டு அறையில் மூங்கில் கழிகளில், நீள வளையமாகச் சுற்றிய நூல் சிட்டங்கள் முக்கால்வாசி காய்ந்து தொங்கின. வாடாமல்லி நிறம், அன்றைய சாயம் அதுதான். இரண்டு சிட்டங்களுக்கு நடுவில் துணிப்பையில் போட்டு லேப்டாப்பைத் தொங்கவிட்டார் பத்ரிநாத். நூலுக்குச் செய்கிற மாதிரியே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "இன்னும் இல்லை." "இன்னும் இல்லை." தெர்மாமீட்டர் சுவரில் இருந்தது. அதை அவர் பத்தொன்பது வருடமாகப் பார்த்ததில்லை. லலிதாம்பாள் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு உள்ளேயிருந்து பத்ரிநாத், "இப்ப" என்றார்.

லலிதாம்பாள் பொத்தானை அழுத்தினார். விளக்கு. விசிறி. பிறகு திரை. சிட்டத்துச் சாயம் துணிப்பையைத் தாண்டி ஒட்டி, அடிப்பக்கம் முழுக்க வாடாமல்லி நிறத்தில் இருந்தது. அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

மூடியைச் சாத்தினால் தூங்கிப்போகும், தூங்கினால் ஆறும். எனவே திறந்தபடியே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முளைப்பாரி தூக்குகிற பெண் எப்படிப் போவாளோ அப்படிப் போனார் லலிதாம்பாள்: குலுங்காமல், பக்கத்தில் திரும்பாமல், கண் முன்னால் மட்டும். பத்ரிநாத் குடையை லேப்டாப்புக்குப் பிடித்தார். மனைவியும் அவரும் நனைந்தார்கள். முன்னால் சின்னக்கருப்பன் வழி விலக்கிக்கொண்டு போனார்.

"ஒத்து, ஒத்து! சைக்கிள எடுப்பா!"

டீக்கடையில் ஒதுங்கியிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மழைக்குள்ள சாமி பொறப்பாடா?"

"ஆபரேசன் கேசு!" என்றார் சின்னக்கருப்பன். ஒரு வகையில் உண்மைதான். டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்து வழிவிட்டார்.

மூன்று ஒன்பதுக்கு லலிதாம்பாள் மேசையில் இருந்தார். நனைந்த சேலையை மாற்றவில்லை. ஹெட்போனை மாட்டி மிதிகட்டையை மிதித்தார். ரகசியம் அம்மா விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். ஓரிடத்தில் தட்டச்சு செய்தவர் ஐம்பது மில்லிகிராம் என்று போட்டிருந்தார். லலிதாம்பாள் நாலு தடவை திரும்பக் கேட்டார். ஃபிஃப்டி இல்லை, ஃபிஃப்டீன். பதினைந்து. ஐம்பது என்று போயிருந்தால் எங்கோ ஒருவருக்கு மூன்று மடங்குக்கும் மேல் மருந்து போயிருக்கும். திருத்தினார்.

நாலு மணி ஆனது. கரண்டு வரவில்லை. நாலு ஐந்து. பத்ரிநாத் கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றார். லலிதாம்பாள் திரும்பாமலே சொன்னார்:

"அதைக் கீழ வைங்க. பாத்தாலே பயமா இருக்கு."

வைத்தார்.

நாலு ஏழுக்கு மின்விசிறி அசைந்தது. பக்கத்து வீட்டில் பாண்டியம்மாளின் குரல் கேட்டது: "லலிதா, வந்துருச்சுடி!" எதற்காகக் காத்திருந்தார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மதியம் வீட்டுக்குள் நடந்த பேச்சு முழுக்கச் சௌராஷ்டிரத்தில்தான் நடந்திருந்தது. லலிதாம்பாள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்து வருடச் சண்டைகள் ஒவ்வொன்றாக அவர்கள் நினைவில் வந்து போயிருக்க வேண்டும். பிறகு லலிதாம்பாள் மறுபடி மிதித்தார்.

கோப்பு ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. டைரியில் அன்றைக்கு ஒரே வரி: *நோயாளி பிழைத்தார். உடன் வந்தவர்களுக்கு ஜலதோஷம்.*

மீதி மூன்று நாள் பத்ரிநாத் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பின் அருகில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்டு வேளைக்குப் போய் வேளைக்கு வந்தது. வெளியே மழை விட்டிருந்தது.

டிசம்பர் 3, புதன்கிழமை கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சோதனையில் தேர்ச்சி. லலிதாம்பாள் இனி எடிட்டர், பணியிடம் வீடு, எடிட்டர்களுக்கான இயந்திரத்தைக் கம்பெனியே அனுப்பும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பத்ரிநாத்துக்கு ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு அதுவரையிலான கோப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று சரிபார்த்து, சாயங்காலம் நாலரை மணிக்கு, தன் கையாலேயே லேப்டாப்பை அணைத்தார். விசிறிச் சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் காயவைத்தும் திரை வரவில்லை. தமிழ்மாறன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, உடம்பை உதிரி பாகத்துக்கு எடுத்துக்கொண்டார். அடியில் இருந்த வாடாமல்லிக் கறையைத் தின்னர் போட்டுத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

கம்பெனியின் இயந்திரம் பதினைந்தாம் தேதி வருகிறது. அதுவரை லலிதாம்பாளுக்கு லீவு, எட்டு வருடத்தில் முதல் தடவையாக. பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு முதல் கோப்பு. அன்று மார்கழி ஒன்று, அதுவும் எதையும் தொடங்கக் கூடாத மாதம்.